டாப்அப்பில் நாலாவது எண்: 0.03815-ஆ, 0.0763-ஆ, 0.028-ஆ?

புதுவாக்சல் | 4 மார்ச் 2024, காலை 10:12

மூளை எம்ஆர்ஐ, 3 டெஸ்லா, டிஃப்யூஷன் ஈபிஐ (திசுவில் நீர் பரவுவதை அளக்கும் அதிவேக ஸ்கேன்). மேட்ரிக்ஸ் 110 × 110, வாக்சல் 2 மி.மீ., பேரலல் இமேஜிங் 2 (ஒன்றுவிட்டு ஒரு வரி எடுப்பது), பார்ஷியல் ஃபூரியர் 6/8 (வரிகளில் முக்கால் பங்கு மட்டும் எடுப்பது). புரோட்டோகால் தாளில் எக்கோ ஸ்பேசிங் (எடுக்கும் ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம்) 0.70 மில்லிசெகண்ட். ஏபி (முன்னிருந்து பின்) திசையில் முழு ஸ்கேன், பிஏ (பின்னிருந்து முன்) திசையில் சில பி-0 படங்கள் (டிஃப்யூஷன் எடை இல்லாதவை) மட்டும்.

எஃப்எஸ்எல் மென்பொருள் தொகுப்பில் படச் சிதைவைத் திருத்தும் நிரல் டாப்அப். அதற்குக் கொடுக்கும் அளவுருக் கோப்பில் நாலாவது எண், அதாவது மொத்த ரீட்அவுட் நேரம், என்ன போடுவது? லேபில் ஒருவர் 0.0763 என்கிறார். இன்னொருவர் பேரலலையும் பார்ஷியல் ஃபூரியரையும் கழித்து 0.028 என்கிறார். டைகாமை (கருவி தரும் கோப்பு) நிஃப்டியாக (ஆய்வு மென்பொருள் படிக்கும் கோப்பு) மாற்றும் மென்பொருள் எழுதிய ஜேசானில் (ஸ்கேன் விவரக் கோப்பு) 0.03815. மூன்றையும் ஒவ்வொன்றாக, கோப்பின் இரண்டு வரியிலும் (ஏபி-க்கு ஒன்று, பிஏ-க்கு ஒன்று) ஒரே எண்ணாக, போட்டு ஓட்டிப் பார்த்தேன். திருத்திய படம் மூன்றிலும் ஒன்றேதான். அப்புறம் எதற்கு இந்த எண்?

கே-வெளி | 4 மார்ச், காலை 10:40

0.03815. மூன்றும் ஒரே படத்தைத் தந்ததில் வியப்பில்லை. காரணம் இரவு எழுதுகிறேன். அதுவரை 0.028 சொன்னவரோடு சண்டை போடாதீர்கள், அவர் கணக்கு சரி. கேள்விதான் வேறு.

கே-வெளி | 4 மார்ச், இரவு 9:55

முதலில் படம் ஏன் சிதைகிறது. மூளைக்கு அடியில் சைனஸ் அறைகள், காதுக் குழாய்கள் என்று காற்று நிறைந்த இடங்கள் உண்டு. காற்றும் திசுவும் சந்திக்கும் இடத்தில் காந்தப்புலம் சீராக இருக்காது. அங்கே உள்ள புரோட்டான்கள் 50 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் தள்ளிச் சுழலும். எம்ஆர்ஐ இடத்தை அதிர்வெண்ணை வைத்தே கண்டுபிடிக்கிறது. ஆகவே அதிர்வெண் தவறினால் இடமும் தவறும்.

சாதாரண ஸ்கேனில் இது பெரிதாகத் தெரியாது. ஈபிஐ-யில் தெரியும், அதுவும் ஃபேஸ் என்கோடிங் திசையில் (வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படும் திசை, உங்களுக்கு முன்-பின்) மட்டும். உங்கள் ஸ்கேனையே எடுத்துக்கொள்ளுங்கள். ரீட்அவுட் திசையில் ஒரு பிக்சலுக்கு 1700 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் பேண்ட்விட்த் இருக்கும். 100 ஹெர்ட்ஸ் பிழை வந்தால் நகர்வு 0.06 பிக்சல், கண்ணுக்கே படாது. ஃபேஸ் திசையில் வரிசை வரிசையாக நிதானமாக ஏறுகிறோம். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் பயன்படும் இடைவெளி 0.35 மில்லிசெகண்ட் (பேரலல் 2 என்பதால் 0.70-இல் பாதி), வரிகள் 110, பெருக்கினால் 38.5 மில்லிசெகண்ட். அதன் தலைகீழ்தான் பிக்சலுக்கான பேண்ட்விட்த்: 25.97 ஹெர்ட்ஸ். அதே 100 ஹெர்ட்ஸ் இங்கே 3.85 வாக்சல் நகர்த்தும். 2 மி.மீ. வாக்சலில் 7.7 மி.மீ. நெற்றிப் பகுதி சப்பையாவதும் நீள்வதும் இதனால்தான்.

சுருக்கமாக, நகர்வு (வாக்சலில்) = புலப்பிழை (ஹெர்ட்ஸில்) × ரீட்அவுட் நேரம் (செகண்டில்).

இப்போது உங்கள் கேள்வி. டாப்அப் கையில் இருப்பது எதிரெதிர்த் திசையில் எடுத்த இரண்டு படங்கள். ஒன்றில் ஒரு புள்ளி முன்னே தள்ளியிருக்கும், மற்றதில் பின்னே. அது கண்டுபிடிப்பது நகர்வைத்தான். நகர்வை ரீட்அவுட் நேரத்தால் வகுத்துப் புலத்தை ஹெர்ட்ஸில் எழுதுகிறது. நேரத்தைப் பாதியாகப் போட்டால் புலம் இரட்டிப்பாக வரும். திருத்தும்போது மறுபடி அதே நேரத்தால் பெருக்குவதால் நகர்வு பழையபடியே நிற்கும். உங்கள் மூன்று ஓட்டத்திலும் புலக் கோப்பைத் திறந்து எண்களைப் பாருங்கள். படம் ஒன்றாக இருக்கும், புலத்தின் ஹெர்ட்ஸ் மட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

ஆண்டர்சன், ஸ்கேர், ஆஷ்பர்னர் மூவரும் 2003-இல் இந்த எதிர்த்திசை முறையை எழுதினார்கள். அதற்கு முன்பு ஜெஸார்டும் பாலபனும் 1995-இல் காட்டியது தனியாகப் புல வரைபடம் எடுத்துத் திருத்தும் வழி. அந்த வழியில் போனால் இந்த எண்ணில் சலுகையே கிடையாது. அது தனிக் கதை, பிறகு.

கே-வெளி | 5 மார்ச், காலை 7:20

0.028-க்கு வருகிறேன்.

மாடிப்படி ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். பேரலல் 2 என்பது இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறுவது. ஒரு தாவலுக்கு 0.70 மில்லிசெகண்ட் ஆனாலும் ஒரு படிக்கு 0.35 தான். பார்ஷியல் ஃபூரியர் என்பது மொத்தப் படிகளில் கீழே உள்ள கால்வாசியை விட்டுவிட்டு அதற்கு மேலிருந்து ஏறத் தொடங்குவது. ஏறி முடிக்கும் நேரம் குறையும், படிக்குப் படி வேகம் மாறாது.

சிதைவைத் தீர்மானிப்பது அந்தப் படிக்குப் படி வேகம். கே-வெளியில் (படமாக மாற்றுவதற்கு முன் கருவி சிக்னலை வரிவரியாக நிரப்பும் தளம்) ஒரு வரியிலிருந்து பக்கத்து வரிக்குப் போவதற்குள் எவ்வளவு ஃபேஸ் தப்பாகச் சேர்ந்தது என்பதுதான் கணக்கு. ஆகவே பேரலலால் வகுக்க வேண்டும், பார்ஷியல் ஃபூரியரை அப்படியே விட்டுவிட வேண்டும். உங்கள் லேப் நண்பர் 41 வரி, 40 இடைவெளி, 0.70 என்று பெருக்கி 28 மில்லிசெகண்ட் சொல்கிறார். கடிகாரம் வைத்து அளந்தால் அந்த ரீட்அவுட் உண்மையிலேயே அவ்வளவுதான் ஓடும். ஆனால் டாப்அப் கேட்பது கடிகார நேரத்தை அல்ல. எல்லா வரியையும் வேகப்படுத்திய நடையில் எடுத்திருந்தால் முதல் எக்கோவின் நடுவிலிருந்து கடைசி எக்கோவின் நடுவரை எவ்வளவு ஆகியிருக்கும் என்பதை.

அதனால் 109 × 0.35 = 38.15 மில்லிசெகண்ட். செகண்டில் 0.03815.

கே-வெளி | 5 மார்ச், காலை 7:31

109-ஆ 110-ஆ என்று ஒரு தனிச் சண்டை எப்போதும் உண்டு. எஃப்எஸ்எல் வரையறைப்படி 109. எஸ்பிஎம் என்ற இன்னொரு மென்பொருளின் பயனர்கள் பெரும்பாலும் 110-ஆல் பெருக்கி, மில்லிசெகண்டில் 38.5 என்று போடுவார்கள். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, 7.7 மி.மீ. நகர்வில் 0.07 மி.மீ. இதற்கு மின்னஞ்சல் போர் நடத்தியவர்களை எனக்குத் தெரியும். அதே ஆட்கள் மில்லிசெகண்டையும் செகண்டையும் மாற்றிப் போட்டு, ஆயிரம் மடங்கு பிழையோடு நிம்மதியாக இருந்தார்கள்.

புதுவாக்சல் | 5 மார்ச், காலை 11:05

எங்கள் ஸ்கேனில் மல்டிபேண்ட் 3-உம் இருக்கிறது. சொல்ல விட்டுப்போனது. அதாலும் வகுக்க வேண்டுமா?

கே-வெளி | 5 மார்ச், பகல் 1:15

வேண்டாம். மல்டிபேண்ட் ஒரே நேரத்தில் மூன்று ஸ்லைஸைக் கிளப்புகிறது. ஒவ்வொரு ஸ்லைஸுக்கும் கே-வெளியில் நடக்கும் நடை அதேதான். மல்டிபேண்ட் வந்து தலையிடுவது ஸ்லைஸ் டைமிங்கில், அதாவது எந்த ஸ்லைஸ் எப்போது எடுக்கப்பட்டது என்பதில். 60 ஸ்லைஸ், மல்டிபேண்ட் 3 என்றால் ஜேசானில் 60 எண்கள் இருக்கும், ஆனால் வெவ்வேறு நேரங்கள் 20 தான். அது மூளைச் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ-க்காரர்களின் தலைவலி, எடியில் (டாப்அப்புக்கு அடுத்து ஓட்டும் எஃப்எஸ்எல் நிரல்) அசைவைத் திருத்துபவர்களுக்கும் கொஞ்சம். இங்கே கலக்காதீர்கள். எம்ஆர்ஐ-யில் ‘நேரம்’ என்று பெயர் கொண்ட அளவுருக்கள் நிறைய. எல்லாவற்றையும் ஒரே சூத்திரத்தில் போட்டுக் குலுக்குவது நம் இனத்தின் பழக்கம்.

கே-வெளி | 7 மார்ச், இரவு 10:30

எண்ணை எங்கிருந்து எடுப்பது என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். இங்கேயே எழுதுகிறேன்.

புரோட்டோகால் தாளை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். அதில் இருப்பது வேகப்படுத்தாத எக்கோ ஸ்பேசிங். பேரலல், ஃபேஸ் ஓவர்சாம்பிளிங், ஃபேஸ் ரெசல்யூஷன் எல்லாவற்றையும் நாமே தேடிப் பிடித்துப் பெருக்கி வகுக்க வேண்டும். ஒன்றை விட்டால் போச்சு.

சீமென்ஸ் என்றால் டைகாமில் 0019,1028 என்ற தனிப்புலத்தை (கருவி நிறுவனம் தானாகச் சேர்க்கும் தகவல் பெட்டி, காந்தப்புலம் அல்ல) திறங்கள். ஃபேஸ் திசையில் பிக்சலுக்கான பேண்ட்விட்த் ஹெர்ட்ஸில் அங்கே இருக்கும். உங்களுக்கு 25.974 என்று இருக்க வேண்டும். 1-ஐ அந்த எண்ணாலும் 110-ஆலும் வகுத்தால் 0.00035 செகண்ட், அதை 109-ஆல் பெருக்கினால் 0.03815. மேலே சொன்ன எல்லாக் கழிவும் இந்த ஒரே எண்ணுக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. டைகாமை நிஃப்டியாக மாற்றும் டிசிஎம்2நிக்ஸ் செய்வதும் இதைத்தான்.

பிலிப்ஸ் வேறு வழி. அங்கே வாட்டர்-ஃபேட் ஷிஃப்ட் என்று பிக்சல் கணக்கில் ஓர் எண் வரும், 2001,1022. கொழுப்பு தண்ணீரை விட 3.4 பிபிஎம் மெதுவாகச் சுழலும். கருவியின் அதிர்வெண் 127.77 மெகாஹெர்ட்ஸ் என்றால் அது 434 ஹெர்ட்ஸ். வாட்டர்-ஃபேட் ஷிஃப்ட் 16.7 பிக்சல் என்று இருந்தால், 16.7-ஐ 434-ஆல் வகுங்கள்: 0.0385. அவ்வளவுதான். ஈபிஐ ஃபேக்டரோடு (ஒரே மூச்சில் எடுக்கும் வரிகளின் எண்ணிக்கை) ஒன்றைக் கூட்டி எக்கோ ஸ்பேசிங் கண்டுபிடிக்கும் சூத்திரம் ஒன்று சுற்றுகிறது. டிசிஎம்2நிக்ஸும் அந்த வழியில் போய், ஜேசானில் ‘மதிப்பிட்டது’ என்ற அடைமொழியோடுதான் எழுதுகிறது. அந்த அடைமொழியைக் கவனியுங்கள்.

ஜிஇ-யில் எக்கோ ஸ்பேசிங் மைக்ரோசெகண்டில் கிடைக்கும். பெயரில் ‘எஃபெக்டிவ்’ என்று இருக்கும், ஆனால் பேரலல் வகுத்திருக்காது. பேரலல் காரணி 0043,1083-இல், அதுவும் தலைகீழாக, 0.5 என்று. 0.5 என்றால் 2 மடங்கு வேகம்.

கே-வெளி | 8 மார்ச், காலை 6:50

மேலே சொன்னதற்கு ஒரு நிபந்தனை. ‘110’ என்று நான் போடுவது எடுத்த வரிகளின் எண்ணிக்கை அல்ல, கையில் இருக்கும் படத்தின் பிக்சல் எண்ணிக்கை. உங்களுக்கு இரண்டும் ஒன்றாக இருப்பதால் தெரியவில்லை.

கன்சோலில் யாராவது இன்டர்பொலேஷனைத் தட்டிவிட்டிருந்தால் படம் 220 × 220 ஆக வரும். பிக்சல் 1 மி.மீ. நகர்வு அதே 7.7 மி.மீ. தான், ஆனால் இப்போது அது 7.7 பிக்சல். மென்பொருள் பிக்சலில் யோசிப்பதால் ரீட்அவுட் நேரமும் 0.35 × 219, அதாவது 0.07665 ஆகிவிடும். கருவி எதையும் மெதுவாகச் செய்யவில்லை, அளவுகோல்தான் மாறியது.

இதில் ஒரு விஷமம் இருக்கிறது. 0.07665-ஐப் பாருங்கள், பேரலலை மறந்தால் வரும் 0.0763-க்குப் பக்கத்து வீடு. 0.076 என்று ஒருவர் போட்டிருப்பதைப் பார்த்ததும் ‘பேரலல் மறந்துட்டீங்க’ என்று நான் உடனே குதிப்பதில்லை. முதலில் மேட்ரிக்ஸ் 110-ஆ 220-ஆ என்று கேட்பேன். பிலிப்ஸுக்கும் இதே எச்சரிக்கை: ஷிஃப்ட் சொல்லும் பிக்சலும் உங்கள் நிஃப்டியின் பிக்சலும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கே-வெளி | 11 மார்ச், இரவு 11:10

புல வரைபடக் கதை.

எதிர்த்திசைப் படம் இல்லாமல், இரண்டு எக்கோ கிரேடியன்ட் ஸ்கேனை வைத்துத் திருத்துபவர்கள் இருக்கிறார்கள். 3 டெஸ்லாவில் 4.92, 7.38 மில்லிசெகண்ட் என்று இரண்டு எக்கோ, வித்தியாசம் 2.46. இங்கே புலம் உண்மையான ஹெர்ட்ஸில் வெளியிலிருந்து வருகிறது. ஆகவே நாலாவது எண் தவறினால் திருத்தமும் அதே விகிதத்தில் தவறும். 0.0763 போட்டால் 7.7 மி.மீ. தள்ள வேண்டிய இடத்தில் 15.4 தள்ளும். நெற்றிமடல் மண்டை ஓட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். 0.028 போட்டால் கிட்டத்தட்ட கால் பங்கு சிதைவு மிச்சம் நிற்கும். இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் பார்க்க ‘ஓரளவு சரியாகிவிட்டது’ போல இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அதோடு அலகு. டாப்அப் புலத்தை ஹெர்ட்ஸில் எழுதும். எஃப்எஸ்எல்லின் பழைய திருத்து நிரலான ஃபியூக், ரேடியன்-பர்-செகண்ட் கேட்கும். நடுவில் 2π, அதாவது 6.28 மடங்கு. ஃபியூக் கேட்பது மொத்த நேரம்கூட அல்ல, ஒரு வரிக்கான 0.00035. ஒரே மென்பொருள் குடும்பத்துக்குள் இத்தனை வழக்கம்.

பிறகு குறி. ஏபி ஸ்கேனுக்கு ஜேசானில் ‘ஜே மைனஸ்’ (படத்தின் இரண்டாம் அச்சில் எதிர்த்திசை) என்றும் பிஏ-க்கு வெறும் ‘ஜே’ என்றும் இருந்தால், கோப்பில் 0 -1 0, 0 1 0. டாப்அப்பில் இரண்டையும் சேர்த்துத் தலைகீழாகப் போட்டாலும் படம் சரியாகவே வரும், புலத்தின் குறிதான் புரளும். வெளியிலிருந்து வந்த புலத்தோடு அதைச் செய்தால் சிதைவு இரட்டிப்பாகும். நான் அடிக்கடி பார்ப்பது இன்னொன்று. நிஃப்டியை வேறு திசைக்குத் திருப்பிச் சேமிக்கிறார்கள், ஜேசானை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஜேசானில் இருக்கும் திசை அந்தக் கோப்பின் அச்சு வரிசைக்கு மட்டுமே பொருந்தும். படம் திரும்பினால் ஜேசான் தானாகத் திரும்பாது. திருப்பியே ஆக வேண்டும் என்றால் எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகு திருப்புங்கள்.

கே-வெளி | 12 மார்ச், காலை 8:05

தலைப்பை விட்டு விலகி ஒன்று. மனித கனெக்டோம் திட்டத்தின் இளைஞர் ஆய்வில் எடுத்த 3 டெஸ்லா எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன்களில் ஃபேஸ் திசை முன்-பின் இல்லை, இட-வலம். எக்கோ ஸ்பேசிங் 0.58, வரிகள் 90, ஆக 52 மில்லிசெகண்ட். தலை முன்-பின்னாக நீளம், குறுக்கே குறுகல். குறுக்கே போனால் ஏற வேண்டிய வரிகள் குறைவு, ரீட்அவுட் சுருக்கம். விலை என்ன என்றால், சிதைவு இடமும் வலமும் சமச்சீர் இல்லாமல் விழும். திருத்தாமல் பார்த்தால் மூளை ஒருபக்கமாக ஒருக்களித்தது போலத் தெரியும். எதிர்த்திசைப் படம் கட்டாயம் எடுப்போம் என்ற உறுதி இருந்தால் மட்டும் எடுக்க வேண்டிய துணிச்சல் அது.

இயற்பியலாளர் பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட் 1977-இல் ஈபிஐ-யை முன்வைத்தபோது கவலை வேகத்தைப் பற்றி. அந்த வேகத்துக்கான வட்டியைத்தான் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கே-வெளி | 14 மார்ச், இரவு 9:20

எனக்குப் பிடித்த சோதனை. டைகாம் தனிப்புலங்களைத் துடைத்துவிட்டுப் பகிர்ந்த தரவு, ஜேசான் இல்லை, புரோட்டோகால் தாளும் இல்லை. அப்போதும் படமே விடை சொல்லும்.

தலைத்தோலின் கீழ் கொழுப்பு இருக்கிறது. கொழுப்பை அமுக்கும் பல்ஸ் முழுமையாக வேலை செய்வது அரிது. மிச்சம் ஒரு மெல்லிய பிறைபோல, தலைத்தோல் இருக்க வேண்டிய இடத்தை விட்டு நகர்ந்து மூளைக்கு மேலேயே விழுந்திருக்கும். பி-0 படத்தில் தேடினால் கண் வலிக்கும். பி-மதிப்பு (டிஃப்யூஷன் எடை) அதிகமான படத்தைத் திறங்கள்: மூளையின் சிக்னல் டிஃப்யூஷனால் மங்கிவிடும், கொழுப்பு நகராமல் பளிச்சென்று நிற்கும். விண்டோவை இழுத்து இருண்ட பக்கம் வைத்தால் பிறை தெரியும்.

உங்கள் டைகாமில் அதிர்வெண் 123.2 என்று இருக்கும் என நினைக்கிறேன். சீமென்ஸ் 3 டெஸ்லாவில் பல கருவிகள் அந்தப் பக்கம்தான். 123.2 × 3.4 = 419 ஹெர்ட்ஸ். இதை மூன்று எண்களோடும் பொருத்துங்கள். 0.038 என்றால் பிறை தலைத்தோலிலிருந்து 16 வாக்சல் தள்ளி இருக்க வேண்டும். 0.0763 என்றால் 32. 0.028 என்றால் 12. ஒன்றிரண்டு வாக்சல் முன்னே பின்னே எண்ணினாலும் எது சரி என்று முடிவாகிவிடும். 109-ஆ 110-ஆ என்பதை இது தீர்க்காது, தீர்க்கவும் வேண்டாம்.

தலைத்தோலின் இடத்தைச் சிதைவில்லாத டி1 படத்திலிருந்து (சாதாரண உடற்கூறு ஸ்கேன்) எடுங்கள். தலையின் மேல்பகுதி ஸ்லைஸில் அளங்கள், சைனஸ் பக்கம் போகாதீர்கள். அங்கே புலப்பிழையும் சேர்ந்து குழப்பும்.

புதுவாக்சல் | 18 மார்ச், மாலை 4:40

அதிர்வெண் 123.2 தான். ஏபி-யில் பி-2000 படத்தில் பிறை நன்றாகத் தெரிந்தது, 16 வாக்சல், சில ஸ்லைஸில் 17. ஆர்வத்தில் பிஏ-யிலும் பார்த்தேன். பி-0 மட்டும் என்பதால் மங்கல். ஆனால் எப்படி எண்ணினாலும் 31, 32 வருகிறது, எதிர்ப் பக்கமாக. நான் தப்பாக எண்ணுகிறேனா?

கே-வெளி | 18 மார்ச், மாலை 4:52

எண்ணிக்கையில் தப்பில்லை என்று நினைக்கிறேன். பிஏ-யின் ஜேசானைத் திறந்து மொத்த ரீட்அவுட் நேரத்தை இங்கே போடுங்கள். ஏபி-யின் ஜேசானை அல்ல. பிஏ.

புதுவாக்சல் | 18 மார்ச், மாலை 5:03

0.0763. மேட்ரிக்ஸ் 110 தான், இன்டர்பொலேஷன் இல்லை. பேரலல் காரணி என்ற வரியே அதில் இல்லை!

கே-வெளி | 18 மார்ச், இரவு 10:15

0.0763 சொன்னவர் எந்த ஜேசானைப் பார்த்தார் என்று இப்போது புரிகிறது. பிஏ ஸ்கேனைத் தனியாக, பேரலல் இல்லாமல், எடுத்திருக்கிறார்கள்.

4-ஆம் தேதி நான் எழுதியது இரண்டு படத்துக்கும் உண்மையான ரீட்அவுட் நேரம் ஒன்றாக இருக்கும்போது செல்லும். நேரம் வேறானால் எண்ணின் அளவு எப்படியிருந்தாலும் விகிதம் சரியாக இருந்தே ஆக வேண்டும். நீங்கள் மூன்று முறையும் இரண்டு வரியிலும் ஒரே எண்ணைப் போட்டீர்கள். மூன்றிலும் விகிதம் 1. உண்மை விகிதம் 2. மூன்று படமும் ஒன்றுபோல வந்தன, ஒன்றுபோலவே தவறாக.

100 ஹெர்ட்ஸ் உள்ள ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏபி-யில் அது ஒரு பக்கம் 3.85 வாக்சல் நகர்கிறது. பிஏ-யில் மறுபக்கம் 7.7. இரண்டுக்கும் நடுவே இடைவெளி 11.55. ‘இருவரும் சம அளவு நகர்ந்தார்கள்’ என்று சொல்லிக்கொடுத்ததால் டாப்அப் நடுவில் பிளந்து ஆளுக்கு 5.775 என்று பங்கு வைக்கும். ஏபி-யை 3.85 திருப்பித் தள்ள வேண்டிய இடத்தில் 5.775 தள்ளும். 1.925 வாக்சல் அதிகம், 3.85 மி.மீ. பிஏ-யையும் கொண்டுவந்து அதே தவறான இடத்தில் சேர்க்கும்.

இதில் கொடுமை என்னவென்றால் திருத்திய ஏபி-யும் திருத்திய பிஏ-யும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும். பெரும்பாலோர் தரம் பார்ப்பது அந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டித்தான். அதில் எந்தக் குறையும் தெரியாது. டி1-இன் மேல் ஓரக்கோடு போட்டுப் பார்த்தால் மட்டுமே நெற்றிப் பக்கம் ஏறக்குறைய 4 மி.மீ. விலகல் தெரியும்.

கோப்பு இப்படி இருக்க வேண்டும்:

0 -1 0 0.03815
0 1 0 0.0763

புதுவாக்சல் | 19 மார்ச், பகல் 12:30

ஓட்டினேன். டி1 ஓரக்கோட்டின் மேல் வைத்தேன். பழைய படத்தில் நெற்றிமடல் கோட்டைத் தாண்டி நின்றது, புதியதில் கோட்டுக்குள். எடியை மறுபடி ஓட்ட வேண்டுமா? ஏற்கெனவே எல்லோருக்கும் முடித்துவிட்டேன்.

கே-வெளி | 19 மார்ச், பகல் 12:48

ஓட்ட வேண்டும். எடி எடுத்துக்கொண்டது பழைய புலத்தை. இண்டெக்ஸ் கோப்பில் (எந்த வால்யூமுக்கு அளவுருக் கோப்பின் எந்த வரி என்று சொல்வது) ஏபி வால்யூம்கள் எல்லாம் 1-ஆம் வரியைச் சுட்டுகின்றனவா என்பதையும் ஒருமுறை பாருங்கள். எடிக்குப் பிறகு செய்த டென்சர், டிராக்டோகிராஃபி எல்லாம் அதன் பின்னால் வரிசையாக.

இனி எடுக்கும் ஆட்களுக்குப் பிஏ-யையும் ஏபி-யின் புரோட்டோகாலை நகலெடுத்து, ஃபேஸ் திசையை மட்டும் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். ரீட்அவுட் நேரம் வேறாக இருந்தால் டாப்அப் சமாளிக்கும், ஆனால் பேரலல் இல்லாத பிஏ-க்கு எக்கோ டைமும் நீண்டிருக்கும். அப்போது இரண்டு படத்தின் டி2 கான்ட்ராஸ்ட்டும் வேறு. அதைச் சரிசெய்ய நாலாவது எண்ணால் ஆகாது.

கே-வெளி | 19 மார்ச், பகல் 12:51

முன்பு எடுத்தவர்களில் எல்லோருடைய பிஏ-யும் இப்படியா, சிலருடையது மட்டுமா என்று தெரியாமல் ஒரே கோப்பை எல்லோருக்கும் போடாதீர்கள். ஒவ்வொருவரின் ஜேசானிலிருந்தும் எண்ணை எடுத்துக் கோப்பை எழுதும்படி ஸ்கிரிப்டை மாற்றுங்கள். நாலு வரி வேலை.